கறிவேப்பிலைச் செடி போதும்: குறைந்த செலவில் மேக்ரோ படம் எடுக்க முழு வழிகாட்டி

சின்னப் பொருட்களை மிகக் கிட்டே போய்ப் பெரிதாக எடுப்பதுதான் மேக்ரோ. அதற்கான லென்ஸ் என்ன விலை என்று தேடிப் பார்த்து, இது நமக்குக் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், லென்ஸைத் தலைகீழாக மாட்ட சில நூறு ரூபாய்க்கு ஒரு வளையம், ஒரு மலிவான ஃபிளாஷ், கொஞ்சம் அட்டையும் டிரேசிங் பேப்பரும். இவ்வளவு இருந்தால் எறும்பின் முகம் வரைக்கும் போய்விடலாம். சின்னதைப் பெரிதாக்கிக் காட்டுவது இன்றைக்கு மலிவு. பெரிதானதற்கு நல்ல வெளிச்சம் போடுவதுதான் வேலை, அதற்குக் காசைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை. அதனால் என் வரிசை இது: முதலில் வளையம், அடுத்து ஃபிளாஷும் அதன் வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு டிஃப்யூசரும், கடைசியாக, ஆசை இன்னும் அடங்கவில்லை என்றால் மட்டும், மேக்ரோ லென்ஸ்.

1. கையில் இருப்பதை ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்

எதையும் வாங்கும் முன் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை மேசையில் வையுங்கள். கிட் லென்ஸை 55 மி.மீ.க்குத் திருப்பி, எவ்வளவு கிட்டே போனால் ஃபோகஸ் ஆகுமோ அவ்வளவு கிட்டே போய், மில்லிமீட்டர் கோடுகளைப் படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் கேமராவின் சென்சார் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். கிட் லென்ஸ் கேமராக்களில் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி சென்சார் இருக்கும், அதன் அகலம் 22 முதல் 23.5 மி.மீ. முழுச்சட்ட கேமரா என்றால் 36 மி.மீ. படத்தில் 60 மி.மீ. தெரிந்தால் பெருக்கம் 0.37 மடங்கு. 22 மி.மீ. மட்டும் தெரிந்தால் ஒரு மடங்கு, அதாவது 1:1. பொதுவாக அங்கிருந்துதான் மேக்ரோ என்று சொல்வது வழக்கம். லென்ஸின் மேல் 'மேக்ரோ' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், பல ஜூம் லென்ஸ்களில் அந்த வார்த்தை வெறும் அலங்காரம். ஸ்கேல் பொய் சொல்லாது.

கிட் லென்ஸின் இந்த 0.37 மடங்கும் சும்மா இல்லை. வண்ணத்துப்பூச்சி, தும்பி, செம்பருத்தியின் மகரந்தக் காம்பு இதற்கெல்லாம் இதுவே போதும். முதல் வாரம் எதுவும் வாங்காமல் இதை வைத்தே எடுங்கள்.

2. பெருக்கத்தைக் கூட்ட மூன்று மலிவான வழிகள்

ஒன்று, எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய்தான். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும், அவ்வளவே. கணக்கும் எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்) வகுத்தால், எவ்வளவு பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. குழாய் போட்டால் அரை மடங்கு கூடும். அதே குழாயை 200 மி.மீ. லென்ஸில் போட்டால் எட்டில் ஒரு பங்குதான் கூடும், காசு வீண். மின் தொடர்பு இல்லாத குழாய் மிக மலிவு, ஆனால் லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் (அபர்ச்சர்) அளவைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. பட்ஜெட் இடம் கொடுத்தால் தொடர்பு உள்ளதையே வாங்குங்கள், கொடுக்கிற காசுக்குத் தகும்.

இரண்டு, ரிவர்ஸ் ரிங். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் வளையம். ஒரு பக்கம் கேமராவோடு பொருந்தும் மவுண்ட், மறுபக்கம் லென்ஸின் முன்பக்க ஃபில்டர் மரை. 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய ஒரு மடங்கு வரும், 28 மி.மீ. என்றால் இரண்டு மடங்குக்கு மேல், கிட் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்துத் திருப்பினால் மூன்றையும் தாண்டும். குறுகிய குவியத் தூரத்துக்குப் பெரிய பெருக்கம்! இன்னொரு விசித்திரம், எந்த லென்ஸைத் திருப்பினாலும் பொருளுக்கும் லென்ஸின் மவுண்ட் விளிம்புக்கும் இடையே தூரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். கேனான் இ.எஃப், நிக்கான் எஃப் லென்ஸ்களுக்கு அது நாலரை சென்டிமீட்டர் சொச்சம். ஃபோகஸ் வளையத்தை என்ன திருகினாலும் பெரிதாக எதுவும் மாறாது. கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திருப்பிப் போட்ட லென்ஸோடு கேமராவால் பேச முடியாது, துளை எப்படி இருக்கிறதோ அப்படியே நிற்கும். கேனான் இ.எஃப் லென்ஸ் என்றால் முழுதாகத் திறந்தபடி நிற்கும். அதற்கு ஒரு தந்திரம்: லென்ஸை நேராக மாட்டியிருக்கும்போதே எஃப் 8 வைத்து (எஃப் எண் துளையின் அளவைச் சொல்வது, எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), கேமராவின் முன்பக்கம் இருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை அழுத்திப் பிடித்தபடி லென்ஸைக் கழற்றுங்கள், துளை அதே அளவில் நின்றுவிடும். நிக்கானின் ஜி வகை லென்ஸ் நேர் எதிர், கழற்றியதும் முழுதாக மூடிக்கொள்ளும். பின்பக்கத்தில் உள்ள சின்ன நெம்புகோலை மடித்த காகிதத் துண்டு வைத்து வேண்டிய அளவுக்கு நிறுத்த வேண்டும். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் துளை வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தேடுங்கள். பிலிம் கேமரா வைத்திருந்த சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் அவர்கள் வீட்டு பீரோவைக் கிளறச் சொல்லுங்கள். பூஞ்சை பிடிக்காத லென்ஸ் அகப்பட்டால் யோகம்தான்.

மூன்று, முன்னால் மாட்டும் குளோசப் லென்ஸ். டெலிஃபோட்டோ ஜூம் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ரேனாக்ஸ் டி.சி.ஆர்-250 பலரும் பயன்படுத்துவது. அதன் திறன் 8 டயாப்டர், அதாவது குவியத் தூரம் 125 மி.மீ. முடிவிலிக்கு ஃபோகஸ் வைத்த 250 மி.மீ. ஜூமின் முன்னால் அதை மாட்டினால் 250ஐ 125ஆல் வகுத்து இரண்டு மடங்கு. 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களில் கிளிப் போல மாட்டிக் கழற்றலாம், ஆட்டோ துளை எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலைந்து விரற்கடை இடம் கிடைக்கும். நான்கைந்து வட்டக் கண்ணாடிகளை ஒரு பையில் போட்டு மிக மலிவாக விற்பார்கள், ஒற்றைக் கண்ணாடி வகை. அவற்றில் ஓரங்கள் குழையும், விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் வழியும். வேண்டாம்.

உண்மையான மேக்ரோ லென்ஸ் வாங்குவதென்றால் 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளதைப் பாருங்கள். விவரப் பட்டியலில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ.' என்று இருப்பது சென்சாரிலிருந்து அளந்தது, லென்ஸ் முனையிலிருந்து பூச்சி வரை நிஜத்தில் மிஞ்சுவது 13, 14 செ.மீ.தான். 60 மி.மீ. மேக்ரோவில் அது இன்னும் சுருங்கி, லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும். நிக்கான்காரர்கள் தங்கள் மேக்ரோ லென்ஸை 'மைக்ரோ' என்று அழைப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: மலிவு போன்களின் பின்னால் '2 மெகாபிக்சல் மேக்ரோ' என்று ஒரு கேமரா இருக்குமே, அதை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவின் மேல் நல்ல கிளிப் லென்ஸ் போட்டால் அதைவிடப் பல மடங்கு நன்றாக வரும். ஐபோன் 13 ப்ரோ (2021) தொடங்கி, அல்ட்ராவைட் கேமராவே 2 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும் போன்கள் வந்துவிட்டன, அவற்றில் போனின் நிழல் விழாமல் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டாலே போதும். கீழே வெளிச்சம் பற்றிச் சொல்வது எல்லாமே போனுக்கும் பொருந்தும்.

3. ஏன் எதுவுமே கூர்மையாக வரவில்லை?

வளையத்தை மாட்டிய அன்றைக்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. காரணம் கை நடுக்கம் மட்டும் இல்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரு மடங்குப் பெருக்கத்தில் எஃப் 8 வைத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு மடங்குக்குப் போனால் கால் மில்லிமீட்டர். எறும்பின் கண் கூர்மையாக இருந்தால் அதன் முதுகு புகையாகிவிடும்.

சரி, எஃப் 22 வைத்துவிட்டால்? அங்கேதான் அடுத்த வில்லங்கம். கிட்டே போகப் போக, உண்மையில் வேலை செய்யும் எஃப் எண், லென்ஸின் துளை வளையத்தில் காட்டும் எண்ணைவிட அதிகம். காட்டும் எண்ணை, பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். ஒரு மடங்கில் எஃப் 11 என்பது நிஜத்தில் எஃப் 22. எஃப் 22 என்பது 44. அவ்வளவு சிறிய துளையில் ஒளி விலகிச் சிதறி, படம் முழுக்கவே மெழுகு பூசினது போல் மழுங்கும். (நிக்கான் உடலில் நிக்கானின் மைக்ரோ லென்ஸைப் போட்டுக் கிட்டே போனால் திரையில் எஃப் எண் தானாக ஏறுவதைப் பார்க்கலாம், பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.) ஆகவே ஒரு மடங்கு வரை எஃப் 8 முதல் 11, இரண்டு மடங்கில் எஃப் 5.6 முதல் 8. அதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் ஸ்டாக்கிங்தான், அதைப் பிறகு பார்ப்போம்.

இதே கணக்கால் வெளிச்சமும் குறைகிறது. ஒரு மடங்கில் இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் மூன்று பங்கு வெளிச்சம் காணாமல் போகிறது. நண்பகல் வெயிலிலும் நிழலில் இருக்கும் பூச்சிக்கு ஷட்டர் வேகம் பற்றாது. மேக்ரோவுக்கு ஃபிளாஷ் தவிர்க்க முடியாமல் போவது இதனால்தான்.

4. வெளிச்சம்: இதில்தான் நேரத்தைச் செலவிடுங்கள்

ஆட்டோ எதுவும் இல்லாத, வெறும் மேனுவல் ஃபிளாஷ் போதும். கேமராவை எம் (மேனுவல்) பயன்முறையில் வையுங்கள்: ஷட்டர் 1/160 அல்லது 1/200, ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, எஃப் 8. ஃபிளாஷ் 1/16 அல்லது 1/32 திறனில். இந்த அமைப்பில் வெளியிலிருந்து வரும் வெளிச்சம் ஏறக்குறையப் பதிவாகாது, படத்தை உருவாக்குவது ஃபிளாஷ் மட்டும்தான். குறைந்த திறனில் அதன் மின்னல் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடியே நீடிக்கும், கை நடுங்கினாலும் காற்றில் இலை ஆடினாலும் அந்த நேரத்துக்குள் எதுவும் நகர்ந்துவிட முடியாது. டிரைபாட் இல்லாமலே கூர்மையான படம் கிடைக்கும் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் ஃபிளாஷை அப்படியே அடித்தால் பூச்சியின் முதுகில் பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் கருப்பு நிழல். குறிப்பாகப் பொன்வண்டு, கட்டெறும்பு போன்ற மினுங்கும் உடம்புகள். அவற்றின் ஓடு ஒரு வளைந்த கண்ணாடி மாதிரி, எதிரில் உள்ள விளக்கின் உருவத்தை அப்படியே திருப்பிக் காட்டும். விளக்கு சிறிதென்றால் புள்ளி, விளக்கு பெரிதென்றால் மென்மையான வெள்ளைப் பரப்பு. பெரிது சிறிது என்பது பூச்சியின் கண்ணில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. கைக்குட்டை அளவு டிரேசிங் பேப்பரை மூன்றடி தள்ளி வைப்பதைவிட உள்ளங்கை அளவுத் தாளை மூன்று விரற்கடையில் வைப்பது பெரிய விளக்கு.

டிஃப்யூசர் செய்யும் விதம் இது. பார்சல் வந்த அட்டைப் பெட்டியிலிருந்து, ஃபிளாஷ் தலையிலிருந்து லென்ஸ் முனைக்கு மேலே வரை எட்டும் நீளத்தில், போகப் போக அகலும் ஒரு கால்வாய் வெட்டுங்கள். உட்புறம் முழுக்கச் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுங்கள். வாய் கீழ்நோக்கிச் சாய்ந்து, லென்ஸ் முனைக்குச் சற்று முன்னால் குனிந்து நிற்க வேண்டும். வாய்ப்பகுதியில் முதலில் ஒரு டிரேசிங் பேப்பர், அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொன்று. இந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள். ஒட்டினாற்போல் இரண்டு தாள் வைத்தால் நடுவில் பளீரென்ற வட்டம் ஒன்று நிற்கும், இடைவெளி விட்டால் முதல் தாளில் சிதறிய ஒளி இரண்டாவது தாள் முழுக்கப் பரவும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பூச்சியைத் தேடி ஓட வேண்டியதில்லை. கருப்புப் பாசிமணி ஒன்றை மேசையில் வைத்து எடுங்கள். மணியின் மேல் தெரியும் வெள்ளைப் பிம்பத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூரான ஓரத்தோடு சதுரமாகத் தெரிந்தால் இன்னொரு அடுக்குத் தாள் வேண்டும். நடுவில் மட்டும் பிரகாசம் என்றால் இடைவெளி போதவில்லை. மணியின் மேல்பாதி முழுக்கப் பால் போல் பரவி, ஓரத்தில் மெதுவாகக் கரைந்தால் முடிந்தது வேலை. கீழ்ப்பாதி இருட்டாகவே இருக்கும், அங்கே ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் அதுவும் தெளியும். ஒரு மாலை முழுக்க இந்தப் பாசிமணியோடு மல்லுக்கட்டினால், பிறகு மாதக்கணக்கில் படங்களைத் திருத்தும் வேலை மிச்சம்.

பின்னணி கருப்பாகிவிடுகிறது என்ற குறையும் வரும். ஃபிளாஷ் வெளிச்சம் பின்னால் எட்டவில்லை, அவ்வளவுதான். பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் பச்சை இலை ஒன்று வருகிற மாதிரிக் கோணத்தை மாற்றுங்கள். இலை இல்லையா, ஒரு பழுத்த இலையைக் கிள்ளி இடது கையில் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. எடுக்கும் விதம்

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். வேண்டிய பெருக்கத்தை முதலில் முடிவு செய்து, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். இரண்டு மூன்று படமாகவே எடுங்கள், பலவற்றைக் கழிக்க வேண்டியிருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான்.

கை வைக்கும் முறை ஒன்று இருக்கிறது, இதைப் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பூச்சி உட்கார்ந்திருக்கும் காம்பைப் பிடியுங்கள். அதே கையின் மணிக்கட்டில் லென்ஸை வைத்து அழுத்துங்கள். இப்போது காற்றடித்தால் காம்பும் கையும் கேமராவும் சேர்ந்து ஆடும், இடையில் உள்ள தூரம் மாறாது. விரலைக் கொஞ்சம் உருட்டினால் பூச்சியின் கோணம் மாறும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு இந்தத் தூரத்தில் பெரிதாக உதவாது, அது சாய்வைத்தான் திருத்தும், முன்பின் அசைவைத் திருத்தாது.

ஆழம் குறைவு என்பதால் கோணமே எல்லாம். புழுவையோ தும்பியையோ பக்கவாட்டில், உடம்பும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக வரும்படி எடுத்தால் தலை முதல் வால் வரை கூர்மை கிடைக்கும். முகம் வேண்டுமென்றால் அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். மேலிருந்து எடுத்த பூச்சிப் படம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல்தான் இருக்கும்.

நேரம்: விடியற்காலை. பூச்சிகளுக்கு உடம்பு சூடேறாத நேரம், எழுந்து பறக்கத் தெம்பிருக்காது. கார்த்திகை, மார்கழியில் பனித்துளியோடு தும்பி அசையாமல் உட்கார்ந்திருக்கும். பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுப்பதும், பசை வைத்து ஒட்டி எடுப்பதும் சிலர் செய்கிறார்கள். அசிங்கமான வேலை, படத்தில் கால்கள் மடங்கியிருக்கும் விதத்திலேயே தெரிந்தும் விடும்.

6. எதை எடுப்பது

காட்டுக்குப் போக வேண்டாம். மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியோ எலுமிச்சைச் செடியோ இருந்தால் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. அதன் கொழுந்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளிர்மஞ்சள் உருண்டை தெரிகிறதா பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோ அதன் உறவினமோ இட்ட முட்டை. சில நாளில் பொரிந்து வரும் புழு பழுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசலாகப் பறவை எச்சம் போல இருக்கும், ஏமாந்து தாண்டிப் போய்விடுவீர்கள். வளர்ந்ததும் தோலுரித்துப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையாகப் பிரிந்த சதைக்கொம்பை நீட்டும், நெடியும் அடிக்கும். ஒரு மடங்கில் பக்கவாட்டில் நின்று, தயாராக இருந்தால் மட்டுமே அது அகப்படும், ஓரிரு நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு தரம் போதும், எதிரி என்று நினைத்துத்தான் அதை நீட்டுகிறது, திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

மாமரம் இருந்தால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருக்கும். கடி வலிக்கும், கிளையில் கையை ஊன்றாதீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் தனியாக, கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பே இல்லை, எறும்பு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். ஆண் சிலந்திக்கு முகத்தின் முன்னால் தாடை நீண்டு, ஒரு எறும்பு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போவது போலவே தெரியும். இரண்டு மடங்கில் இதன் முகத்தை நேராக எடுத்தால் நடுவில் இரண்டு பெரிய வட்டக் கண்கள், அவற்றில் உங்கள் டிஃப்யூசர்.

வீட்டுச் சுவரில் ஈயைத் துரத்தும் சாதாரணக் குதிக்கும் சிலந்தியும் இதே அளவுக்கு நல்ல மாடல். அது ஓடிப்போகாமல் திரும்பி உங்களைப் பார்க்கும், வேறு எந்தப் பூச்சி அப்படிச் செய்கிறது? முதல் மழைக்குப் பின் மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சிக்கு டிஃப்யூசரே அவ்வளவாகத் தேவைப்படாது, அதன் மயிர்ப்போர்வை ஒளியை உறிஞ்சிவிடும். படத்தில் சிவப்பு மட்டும் எளிதில் வெளிச்சம் மிஞ்சி விவரம் இழந்துவிடும் என்பதால் ஃபிளாஷைச் சற்றுக் குறையுங்கள்.

பூச்சி பிடிக்காதவர்கள் கல்லுப்பு, பட்டுச் சேலையின் ஜரிகை, தீக்குச்சி முனை என்று வீட்டுக்குள்ளேயே தொடங்கலாம்.

7. ஸ்டாக்கிங், அவசரம் இல்லை

ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவது. ஜன்னல் ஓரம் செத்துக் கிடக்கும் குளவியில் பழகுங்கள், அது ஓடாது. ஒரு மடங்கில் எஃப் 5.6 வைத்து, கால் மில்லிமீட்டர் நகர்வுக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்தின் கூர்மைப் பட்டையும் முந்தையதோடு கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும், நடுவில் ஒன்று விட்டுப்போனால் முடிவில் மங்கலான கோடு ஒன்று குறுக்கே ஓடும். ஒலிம்பஸின் சில மாடல்கள், கேனான் ஆர்.பி, நிக்கான் டி850 போன்ற கேமராக்கள் இந்த நகர்வைத் தாமே செய்யும். இல்லாதவர்களுக்குக் கேமராவை இம்மி இம்மியாக முன்பின் நகர்த்தும் ஃபோகஸ் ரெயில் உண்டு, மிக மலிவானதில் பற்கள் தளர்ந்து ஆடும் என்பதால் கையால் தள்ளிப் பார்த்து வாங்குங்கள். படங்களைச் சேர்ப்பதற்கான மென்பொருள்களில் ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் காசுக்கு. இலவசமாக வேண்டுமென்றால் ஹ்யூகின் என்ற மென்பொருளோடு வரும் கருவிகள் இருக்கின்றன, கொஞ்சம் கட்டளை தட்டத் தெரிய வேண்டும். உயிருள்ள பூச்சிக்கு விடியற்காலையில் கையில் பிடித்தபடியே தொடர்ச்சியாக எடுத்து ஐந்தாறு படம் சேர்ப்பது நடக்கும். அதற்குமேல் கால் அசைந்து, ஆறு கால் பூச்சிக்கு ஒன்பது கால் முளைக்கும்.

எடுத்ததன் பெயர் தெரிய வேண்டுமென்றால், உயிரினங்களைப் பலரும் சேர்ந்து அடையாளம் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். அழகான முகப்படம் மட்டும் போட்டால் யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, எந்தச் செடியில் இருந்தது என்பதற்கு ஒன்று என்று சேர்த்துப் போடுங்கள்.

8. பாதுகாப்பு

ரிவர்ஸ் ரிங் போடும்போது லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி வெளியே நிற்கும், இலைப்பாலும் மண்ணும் அங்கேதான் ஒட்டும். அடிக்கடி கழற்றி மாட்டுவதால் சென்சாரிலும் தூசி படியும், சிறிய துளையில் அது கரும்புள்ளியாகத் தெரியும். வீட்டுக்குள், கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்க மாற்றுங்கள். ஐப்பசி அடைமழையில் லென்ஸைத் தோல் பைக்குள் வைத்து மறந்துவிட்டால் தை மாதம் உள்ளே வலை பின்னியது போல் பூஞ்சை இருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி, சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.